சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மகன், பதினாறு வயதுப் பேத்தி, கணவர் போன பிறகு எங்களோடு இருக்கும் என் தங்கை, கார் சார்ஜரைப் பார்க்க வந்த வயர்மேன். உங்கள் போலீஸ் அறிக்கையில் என் தங்கை சமையலறையில் இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அங்கே இல்லை. ஒரு கையில் பாதி உரித்த வெங்காயம், இன்னொரு கையில் கத்தி என்று போர்டிகோவில் நின்றிருந்தாள். சிறிய பிழைதான். ஆனால் அறிக்கை என்றால் யார் எங்கே நின்றார்கள் என்பது சரியாக இருக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் மின் ஆய்வாளராக அறிக்கை எழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் என்னை மரியாதையாகவே நடத்தினீர்கள். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, கேள்விகளைச் சத்தமாகவும் மெதுவாகவும் கேட்டீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்று அதைச் சொல்லவில்லை. இப்போது எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தருகிறேன்.

மகன் மின்சாரக் கார் வாங்கியது மழைக்காலம் தொடங்கும் முன்பு. கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருபவன் அவன். இயந்திரங்களோடு பெரிய உறவு கிடையாது. கார் நிறுவனத்து ஆட்கள் வந்து போர்டிகோ சுவரில் சார்ஜர் பெட்டியை மாட்டினார்கள். புது விதிப்படி, வீட்டு மெயின் போர்டில் ஒரு லீக்கேஜ் பிரேக்கர் வைத்தார்கள். வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இல்லாவிட்டால், எங்கோ கசிகிறது என்று அறிந்து தானே அணைந்துகொள்ளும் சாதனம் அது. தோட்டத்தில் ஒரு புதுச் செம்புக் கம்பியையும் ஆழமாக இறக்கி எர்த் கொடுத்தார்கள். மூன்று மணி நேர வேலை. சுத்தமாகத்தான் செய்தார்கள்.

அன்றிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. காரைச் சொருகினால் இரண்டு நிமிடம் சார்ஜ் ஏறும், பிறகு மொத்த வீடும் அணைந்துவிடும். நிறுவனத்து ஆட்கள் சார்ஜர் பெட்டியை மாற்றினார்கள். அணைந்தது. கேபிளை மாற்றினார்கள். அணைந்தது. மழை ஈரம் என்றார்கள். மழை நின்ற பிறகும் அணைந்தது.

"சின்னப் புள்ளைக்குச் சோறூட்டுற மாதிரி இருக்கு. ரெண்டு வாய் வாங்குது, அப்புறம் வீடு முழுக்கத் துப்புது" என்றாள் தங்கை.

"அத்தை, அதை எங்கிட்ட சொல்லாதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் 'என்ன சார், இன்னைக்கும் பஸ்ஸா'ன்னு கேக்கறாரு" என்றான் மகன்.

 காரைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று நான் இரண்டு முறை சொன்னேன். அவன் கேட்கவில்லை. என்னிடம் கேட்காமல் வயர்மேனைக் கூப்பிட்டுவிட்டான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் அவருக்கு 'மீட்டர்' என்று பெயர். யார் என்ன வாதாடினாலும் "நான் சொல்லலைங்க, மீட்டர் சொல்லுது" என்பார், அதனால் வந்தது. வயர்மேன் உரிமத் தேர்வில் அவரை இரண்டு முறை தோற்கடித்தவன் நான். தேர்வாளராக நான் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. முதல் முறை கம்பி முறுக்கில் தோற்றார். இரண்டு கம்பிகளை இணைக்கும்போது ஏழு சுற்று, அதன் மேல் மெழுகு நூல் கட்டு என்பது என் முறை. அவர் ஐந்து சுற்றோடு நிறுத்திவிட்டார். இரண்டாவது முறை ஃபியூஸ் கட்டையில் தோற்றார். வேலை செய்யும் லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மேசை மேல் வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். நான் அந்தக் கட்டையை எடுத்துத் திரும்பவும் சொருகிவிட்டு அவரைக் கீழே கூப்பிட்டேன். நீ இப்போது செத்துப்போய்விட்டாய், வீட்டுக்குப் போ என்றேன்.

விதி எளியது. பிடுங்கிய கட்டையை, ஏறுபவரோ அவருக்காகக் கீழே நிற்பவரோ தன் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். மேலே இருப்பவர் இறங்கி வரும் வரை அது பையை விட்டு வெளியே வரக் கூடாது. மூன்றாவது முறை அவர் தேறினார். அதற்குப் பிறகு அந்த விதியை அவர் மீறியதே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அன்று ஒன்பது மணிக்கு வந்தார். சாப்பாட்டு டப்பாவை நடையில் இருந்த அலமாரி மேல் வைத்தார். காரை அவர் தொடவே இல்லை. சொருகியிருந்ததைக் கழற்றச் சொன்னார். பிறகு தங்கையிடம், "அக்கா, வீட்ல இருக்கிற இஸ்திரிப் பெட்டி, கெட்டில், அடுப்பு எல்லாத்தையும் ஒண்ணா போடுங்க" என்றார்.

"எதுக்குப்பா, கடை வைக்கப் போறியா?"

"போடுங்கக்கா, சொல்றேன்."

எல்லாவற்றையும் போட்டார்கள். இரண்டு நிமிடத்தில் வீடு அணைந்தது. அவர் சிரித்தார்.

"சார்ஜர் நல்ல புள்ள தம்பி. இத்தன நாளா அதைப் போட்டுத் திட்டிட்டீங்க. பெரிய லோடு எது போட்டாலும் அணையுது. கோளாறு கார்ல இல்ல, வீட்டுக்குள்ள. எங்கயோ கரண்டு திரும்பி வர்ற நியூட்ரலும் எர்த்தும் கைகோத்துக்கிட்டு நிக்குது. முன்னாடி எர்த் சரியில்லாததால வெளிய தெரியல. இப்ப புதுக்கம்பி இறக்கினதும் கரண்டுக்கு அந்தப் பக்கமா ஒரு வழி கெடச்சிடுச்சு. பிரேக்கர் கண்டுபுடிச்சிடுச்சு."

"யாரு யாரோட கைகோத்தாலும் இந்த வீட்ல எங்க அண்ணனுக்குத் தெரியாம நடக்காதே" என்றாள் தங்கை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"தாத்தா போட்ட வயரிங் மாமா இது. ஒவ்வொரு வயருக்கும் பரீட்சை வச்சுத்தான் சுவத்துக்குள்ள விட்டிருப்பாரு" என்றாள் பேத்தி.

"அதான் எனக்கும் ஆச்சரியம் பாப்பா. ஆனா நான் சொல்லல..."

"மீட்டர் சொல்லுது" என்று அவளே முடித்தாள்.

அவர் மெயின் போர்டைத் திறந்து நியூட்ரல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தோடு சேர்த்து அளந்தார். முன்னறை சரி. மாடி சரி. சமையலறை சரி. போர்டிகோ சரி. ஐந்தாவது, வீட்டின் பின்பக்க லைன். குளியலறையும் துணி துவைக்கும் இடமும் அதில்தான் இருக்கின்றன. மீட்டரைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். பிறகு மீட்டரை அணைத்துத் துடைத்துத் திரும்பவும் அளந்தார்.

அவர் என்ன கண்டுபிடிக்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தெரியும்.

வீடு கட்டியபோது எர்த் குழி பாதி ஆழத்தில் பாறையில் முட்டி நின்றது. அளவு சரியாக வரவில்லை. குடிபுகும் நாளுக்கு மூன்று நாள் இருந்தது. அலுவலகத்தில் எல்லாரையும் அழைத்திருந்தேன். மின் ஆய்வாளர் வீட்டு வயரிங் எப்படி இருக்கும் என்று பார்க்கவே சிலர் வருவார்கள் என்பது தெரியும். நானே பல இடங்களில், என் வீட்டை வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அந்த நிலையில் எர்த் சரியில்லை என்று குடிபுகுதலைத் தள்ளிவைக்க முடியாது. எனவே குளியலறைக் கதவுக்கு மேலே உள்ள ஜங்ஷன் பாக்ஸில் எர்த் கம்பியை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கினேன். ஏழு சுற்று, நூல் கட்டு. மீட்டர் மிக நல்ல அளவைக் காட்டியது. வந்தவர்கள் பாராட்டினார்கள்.

இதே காரியத்துக்காக ஒரு அச்சகத்தின் இணைப்பை ஒரு மாதம் துண்டித்து வைத்திருக்கிறேன். அவர்களுடையது ஏமாற்று வேலை. என்னுடையது தற்காலிக ஏற்பாடு. வேறு இடத்தில் குழி தோண்டிய பிறகு பிரித்துவிடுவதாக இருந்தேன். தோண்டச் சந்தர்ப்பம் அமையவில்லை.

அந்த முறுக்கால் நாள்தோறும் ஆபத்து என்று சொல்ல முடியாது. நியூட்ரல் உறுதியாக இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. நியூட்ரல் தளர்ந்தால் மட்டும், ஹீட்டரின் உடம்பு, குழாய், வாளி வரை மின்சாரம் வந்து நிற்கும். பதினாறு ஆண்டுகள் அது தளரவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு என் மருமகள் அந்தக் குளியலறையில் இறந்தாள். பேத்திக்கு அப்போது பத்து வயது. கதவை உடைத்தது மகன். அவன் மனைவியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். நான் மெயின் போர்டைத் திறந்து பார்த்தேன். பின்பக்க லைனின் நியூட்ரல் திருகு தளர்ந்திருந்தது. இறுக்கினேன். இரண்டு சுற்று வாங்கியது.

மதியம் மின் ஆய்வுக்கு வந்தவர் எனக்குக் கீழே பதினொரு ஆண்டு வேலை பார்த்தவர். போர்டில் ஒன்றும் இல்லை. ஜங்ஷன் பாக்ஸ் மேல் மூன்று கோட்டிங் பெயின்ட் இருந்தது. ஐயா வீட்டில் அதையெல்லாம் சுரண்டிப் பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார். ஹீட்டர் சுவிட்ச் புதிதாக இருப்பதைப் பார்த்து, இதை யார் மாட்டியது என்று கேட்டார். முந்தின ஞாயிற்றுக்கிழமை என் மகன் மாட்டியிருந்தான். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னேன். பயிற்சியில்லாதவர் செய்த வேலை என்று அவர் எழுதினார். வழக்கு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். அந்த அளவுக்கு எங்கள் குடும்பத்துக்கு மதிப்பு இருந்தது.

அதன் பிறகு மகன் ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூடத் தொடவில்லை. பல்பு போனால் ஆள் கூப்பிடுவான். சுவிட்சை விரல் நுனியால் தட்டுவதில்லை; முழங்கையால் தட்டுவான். இரண்டாவது திருமணம் பற்றித் தங்கை பேச்செடுத்தபோது, "ஒருத்தியைக் கொன்னது போதும் அத்தை" என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். அவன் இப்படிப் பேசுவது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மகன் செய்த தவறு அந்த வீட்டோடு போகும், ஊர் இரக்கப்படும். அப்பா செய்த தவறு, அதுவும் என் பதவியில் இருந்தவர் செய்த தவறு, அவர் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு காகிதத்தையும் கேள்வி கேட்க வைக்கும். குடும்பத்துக்கு எது குறைந்த சேதம் என்று பார்த்தேன். பெரியவன் என்ற முறையில் அது என் வேலை.

மறுபடி அன்றைக்கு வருகிறேன்.

வயர்மேன் பின்பக்க லைனை மட்டும் புது பிரேக்கரிலிருந்து பிரித்து, நடையில் இருந்த பழைய பீங்கான் ஃபியூஸில் தனியாக விட்டார். அதனால் ஒரு பக்கம் காரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே இவர் இன்னொரு பக்கம் வேலை பார்க்கலாம். நல்ல யோசனை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். பிறகு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"ஐயா, இதை வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். அவர் டெஸ்டர் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. அலுமினிய ஏணியைக் குளியலறைக்குள் போட்டு ஏறினார். பெயின்ட் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு மூடியைக் கழற்றினார்.

"ஐயா, கொஞ்சம் வாங்க."

போனேன். அவர் இறங்கவில்லை. கழுத்தில் தொங்கிய துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கருப்பும் பச்சையும் ஒண்ணா முறுக்கிக் கெடக்கு ஐயா. ஏழு சுத்து. மேல நூல் கட்டு."

நான் ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன்.

"இதைப் போடத் தெரியாமத்தான் நான் ஒரு வருஷம் வீணாப் போனேன். இந்த ஊர்ல இதை இவ்வளவு அழகாப் போட ஒருத்தராலதான் முடியும்." குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா போனது இங்கதானே ஐயா. அன்னைக்கு நியூட்ரல் லூஸா இருந்துச்சா?"

"வேலைய முடி."

"முடிக்கிறேன். ஆனா தம்பிகிட்ட சொல்லிடுங்க ஐயா. போன மாசம் ஒரு பல்பு மாத்தக் கூப்பிட்டாரு. பல்பை எடுத்து எங்கிட்ட குடுக்கறப்ப அவரு கை நடுங்குது. கண்ணாடி பல்புதான், கரண்டே இல்ல, அதுக்கே நடுங்குது. ஆறு வருஷமா தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டு இருக்காரே ஐயா."

"சொல்லலேன்னா?"

அவர் கையில் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யாருக்கும் எழுதிப் போட மாட்டேன். உங்களைக் காட்டிக் குடுக்க எனக்கு வாய் வராது. நீங்க சொன்னா, அப்பா மனசு விட்டுச் சொன்னதா இருக்கும். நான் சொன்னா கோள் சொன்னதா ஆயிடும். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். நீங்க சொல்லலேன்னா, போறதுக்கு முன்னாடி அவரைத் தனியா உட்கார வச்சு நானே சொல்லித்தான் ஐயா ஆகணும். அவரு முகத்தைப் பாத்துட்டு எப்படிச் சும்மா போறது?"

அவர் கண்ணியமாகத்தான் பேசினார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் தோற்கடித்த ஒருவர், என் வீட்டில், ஏணி மேல் நின்றுகொண்டு, எனக்குச் சாயங்காலம் வரை கெடு கொடுத்தார். இரக்கத்தோடு கொடுத்தார் என்பது அதை லேசாக்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

"சரி. சொல்றேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "கட்டை பைல இருக்குல்ல ஐயா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"அப்ப எனக்கு ஒரு கவலையும் இல்ல" என்று முறுக்கின் நூலை அவிழ்க்க ஆரம்பித்தார்.

மகனிடம் சொல்லலாம் என்றுதான் போர்டிகோவுக்குப் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். போகும்போது என் எண்ணம் அதுதான்.

காரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. முதல் முறையாக ஐந்து நிமிடம், ஆறு நிமிடம், அணையாமல். சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு நின்று எரிந்தது. பேத்தி கைபேசியில் நேரம் பார்த்துச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். தங்கை வெங்காயத்தோடு நின்றாள்.

"ஏழு நிமிஷம் அப்பா. இனிமே பக்கத்து வீட்டு அங்கிள் வாயைத் தொறக்கட்டும்."

"தொறக்காம இருக்கமாட்டாரு. அடுத்து, கார்ல எங்க போனீங்கன்னு கேப்பாரு" என்றாள் தங்கை.

மகன் சிரித்தான். சிரித்துக்கொண்டே சார்ஜர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். கன்றுக்குட்டியின் நெற்றியில் வைப்பதைப் போல. மின்சாரம் ஓடும் ஒரு பொருளை ஆறு ஆண்டுகளில் அவன் முழுக் கையால் தொட்டது அப்போதுதான். என்னைப் பார்த்து, "அப்பா, கேக்குதா, உள்ள மெதுவா ஒரு சத்தம் வருது" என்றான். அப்படி அவன் என்னிடம் பேசியும் வெகுநாளாகிவிட்டது.

சாயங்காலத்துக்குள் அதே முகம் வேறு மாதிரி என்னைப் பார்க்கும் என்று எனக்குப் புரிந்தது. அது மட்டும் இல்லை. பேத்தியும் பார்ப்பாள். தங்கையும் பார்ப்பாள். சாப்பாட்டு மேசையில் என் நாற்காலி இருக்கும், நானும் இருப்பேன், ஆனால் யாரும் என்னைக் கேட்டு எதையும் செய்ய மாட்டார்கள். ஒரு வீடு ஒருவரை நிமிர்ந்து பார்ப்பதால்தான் நிற்கிறது. எங்கள் வீட்டில் அது நான். அந்த நிமிடம் அவர்கள் மூவரும் சந்தோஷமாக இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"வேலை எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு வர்றேன்" என்று உள்ளே வந்தேன்.

போர்டிகோவிலிருந்து ஃபியூஸ் இருக்கும் இடத்துக்கு இருபத்தொரு அடி வைக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் குளியலறைக் கதவு வழியாக ஏணியின் கீழ்ப்படிகள் இரண்டும் அவருடைய பாதங்களும் தெரியும். செருப்பைக் கழற்றியிருந்தார், வீட்டுக்குள் செருப்போடு நடப்பது அவர் வழக்கம் இல்லை. தரை காலையில் குளித்த ஈரத்தோடு இருந்தது. மின்சாரம் வரும் சிவப்புக் கம்பியும் உள்ள அந்தப் பெட்டியில், கம்பி முனைகளைச் சீவும் சத்தம் கேட்டது. இரண்டு கையும் வேலையில் இருக்கிறது என்று அந்தச் சத்தத்திலிருந்து தெரியும்.

அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டில் எனக்கு ஆர்வம் கிடையாது.

சட்டைப் பையிலிருந்து கட்டையை எடுத்தேன். பீங்கான் உடம்பு என் உடல் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அது பழக்கம். பிறகு சொருகினேன்.

ஏணி சுவரில் உரசியது. அதற்குப் பிறகு வேறு பெரிய சத்தம் இல்லை. கதவு வழியாகத் தெரிந்த பாதங்கள் படியை விட்டு எழும்பி, ஏணியோடு சேர்ந்து சாய்ந்தன. நூறு வரை எண்ணினேன். முன்பக்கம் பேத்தி பதினொரு நிமிடம் என்று சொன்னது காதில் விழுந்தது. பிறகுதான் "இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். கட்டையைத் திரும்பப் பிடுங்கவில்லை. நீங்கள் வந்தபோதும் அது ஃபியூஸிலேயே இருந்தது. யாருடைய கை அதைச் சொருகியது என்பதை நான் எப்போதும் மறைக்கவில்லை. யாரும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மகன் அவரை வெளியே இழுத்துத் தரையில் கிடத்தி மார்பை அழுத்தினான். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தவில்லை. அவன் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

முறுக்கு அவிழ்ந்திருந்தது. கருப்புக் கம்பி தனியாக, பச்சைக் கம்பி தனியாக, இரண்டும் சுத்தமாகச் சீவப்பட்டு நின்றன. நூல் தரையில் ஈரத்தில் கிடந்தது. அதைத் துடைப்பத்தால் ஈரத்தோடு சேர்த்துத் தள்ளியது என் தங்கை. அவளுக்கு அது என்னவென்று தெரியாது. பழைய வயரிங்கைப் புதுப்பிக்கும்போது விபத்து என்று எழுதினீர்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

நீங்கள் என்னைக் கேட்டபோது, எனக்கு முன்னால் மகன் பதில் சொன்னான். "அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியில்ல சார். கார்ல சார்ஜ் ஏறுதுன்னதும் வேலை முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக் கட்டையைப் போட்டுட்டாரு. தப்பு என் மேலதான். அவரை போர்டுகிட்ட விட்டிருக்கவே கூடாது." இரண்டாவது முறையும் அவனே எடுத்துக்கொண்டான். அது அவன் சுபாவம். நான் திருத்தவில்லை. அந்த நேரத்தில் அது வசதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. அவர் ஒரு சான்றிதழ் எழுதினார். அதை வைத்து நீங்கள் கோப்பை மூடினீர்கள்.

இப்போது மெயின் போர்டுக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள். சாவி பேத்தியிடம். என் கருவிப் பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டார்கள். குளியலறைக் கதவில் 'குளியலறை' என்று பெரிய எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. "தாத்தா, இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க பார்க்கலாம்" என்கிறாள் பேத்தி, கன்னத்தைத் தடவிக்கொண்டே. தங்கை நான் சாப்பிட்டேனா என்று என்னிடம் கேட்பதில்லை, மகனிடம் கேட்கிறாள். கார் நன்றாக ஓடுகிறது. எல்லாரும் என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறார்கள்.

போன வாரம் வயர்மேனின் மனைவி வந்தார். அலமாரி மேல் இருந்த சாப்பாட்டு டப்பாவைத் தங்கை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். என் முன்னால் வந்து நின்றார். நான் எழுந்து நிற்கவில்லை. மறதிக்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

"உங்க மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல ஐயா" என்றார். "அவரு உயிரோட இருந்தாலும் உங்களைக் கொற சொல்லியிருக்க மாட்டாரு. வயசானா வர்றதுதானே. கொழந்த மாதிரி ஆயிடறாங்க."

குழந்தை என்றார். டப்பாவைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மறதியில் சாப்பிடவில்லை என்று தங்கை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது நாள், உரிம வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் கௌரவத் தேர்வாளர் பதவியை, நினைவாற்றல் குறைவு காரணமாக, மரியாதையுடன் விலக்கிக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். கீழே கையெழுத்திட்டவர் நான் தேர்ச்சி கொடுத்தவர். அந்தக் கடிதத்தை மகன் எனக்குச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினான்.

எனவே இதை எழுதித் தருகிறேன். மனசாட்சி உறுத்தியது என்று நினைக்க வேண்டாம்; உண்மை பதிவில் சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் நோக்கம். என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன். ஒரு வேண்டுகோள் உண்டு. ஜங்ஷன் பாக்ஸ் பற்றியும் மருமகள் பற்றியும் எழுதிய பகுதிகளை என் மகனுக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆறு ஆண்டுகளில் அவன் அந்தப் பழிக்குப் பழகிவிட்டான். ஃபியூஸ் கட்டை பற்றிய பகுதி அவனுக்குப் போதும். குடும்பத்தின் பெயர் என்று ஒன்று இருக்கிறது.

கடைசியாக ஒன்று. காரில் சார்ஜ் ஏறிய சந்தோஷத்தில், மேலே ஆள் இருப்பதை மறந்து நான் கட்டையைச் சொருகிவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். உங்கள் அறிக்கையின் மூன்றாவது பக்கத்திலும் அப்படியே இருக்கிறது. அது தவறு. திருத்திக்கொள்ளவும். மேலே ஆள் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.